காமசுக் கிழங்கும் பிழைபட்ட பெயரும்



ஓரெழுத்துப் பிழைபட்டால் ஒரு பாட்டின் பொருளே கெடும் என்பதைத் தமிழ் கற்றார் அனைவரும் அறிவர். ஒரு சொல் பிழைபட்டமையால் ஒரு மக்களினத்தின் உணவு நிலமே பறிபோன செய்தியை அறிந்தார் மிகச் சிலர். அது நிகழ்ந்த இடம் வட அமெரிக்காவின் மேற்கு மலைநாடு. ஐடகோ என்று இன்று வழங்கும் பகுதி. அந்நிகழ்ச்சிக்கு நடுவாய் நின்றது, ஈரப் புல்வெளிகளில் முளைக்கும் காமசு என்னும் கிழங்கு.

காமசு வெங்காயம் போலும் வடிவுடைய குமிழ்க்கிழங்கு. வேனிலின் முன்பகுதியில் முழங்கால் உயரத்திற்குத் தண்டு விட்டு நீலப் பூக்களைச் சொரியும். அது பூத்த வெளியைத் தொலைவிலிருந்து காண்பார்க்குத் தெளிந்த ஏரி போலத் தோன்றும். 1806-ஆம் ஆண்டு சூன் திங்களில் அதனைக் கண்ட இலூயிசு என்னும் வெள்ளைய நாடாய்வாளர் அவ்வாறே தம் நாட்குறிப்பில் வரைந்தார்.

அக்கிழங்கைத் தம் வாழ்வின் ஊன்றுகோலாகக் கொண்டவருள் நிமீபூ மக்கள் தலைசிறந்தோர். 'நிமீபூ' என்பது அவர்கள் தம்மைக் குறிக்கும் சொல். அவர்களைப் பிரெஞ்சு வணிகர் 'மூக்குக் குத்தியோர்' எனும் பொருள்பட 'நெசுபெர்சு' என்றழைத்தனர். அவ்வினத்தார் பெரும்பாலும் மூக்குக் குத்தும் வழக்கமில்லாதவர். ஆயினும், அப்பிழைப்பெயரே அரசேடுகளில் ஏறி நிலைத்துவிட்டது. அவர்கள் கிழங்கிற்கு இட்ட பெயர் 'கெமெசு'. காமசு என்னும் வழக்கு அதனின்றும் பிறந்ததே.

1805-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ஆம் நாள், இலூயிசின் துணைவரான கிளார்க்கு, மலைகளைக் கடந்து பசியால் வாடிய சிலருடன் வீயைப்பு என்னும் புல்வெளியை அடைந்தார். முன்பின் அறியாத அவ்வேற்று மாந்தர்க்கு நிமீபூ மக்கள் உலர்ந்த சால்மன் மீனும் காட்டெருமை இறைச்சியும் பழங்களும் காமசு அப்பமும் அளித்தனர். பட்டினி கிடந்த வயிறு புத்துணவை ஏற்காமையின் வந்தோர் நோயுற்றனர். எனினும் உயிர் பிழைத்தனர். விருந்தோம்பல் அங்கிருந்தே தொடங்கிற்று. அதற்குக் கிட்டிய கைம்மாறு யாது என்பது பின்னர் விளங்கும்.

இக்கிழங்கை அகழ்ந்து உணவாக்குதல் எளிய செயலன்று. அது தாயிடமிருந்து மகளும் பாட்டியிடமிருந்து பேர்த்தியும் கற்றுவந்த பெருங்கல்வி. அக்கல்வியின் முதற்பாடம் நஞ்சை அறிதல். காமசு வளரும் நிலத்திலேயே அதனைப் போன்ற கிழங்குடைய மற்றொரு செடியும் வளரும். அது உண்டாரைக் கொல்லவல்லது. 'சாக்காமசு' என்றே அதனைக் கூறலாம். கிழங்கை மட்டும் பார்த்தால் வேறுபாடு எளிதில் தோன்றாது. பூவைப் பார்த்தால் தோன்றும். காமசின் பூ நீலம், நஞ்சின் பூ வெளிர்மஞ்சள் கலந்த வெண்மை. ஆகவே பூக்கும் பருவத்திலேயே பெண்டிர் வெளியெங்கும் நடந்து வெண்பூச் செடிகளைக் களைந்தெறிவர்.

அடுத்த பாடம் அகழ்தல். பெரும்பாலும் பூ வாடி விதை முற்றும் பருவத்தில் மகளிர் குழுவாகச் சென்று, முனை கூர்ந்த வன்மரக் கோலை மண்ணில் ஊன்றி நெம்புவர். அக்கோலின் தலையில் மானின் கொம்பு கைப்பிடியாய் அமைந்திருக்கும். புரட்டிய மண்ணிலிருந்து பெருத்த கிழங்குகளை மட்டும் கொள்வர். சிறியவற்றை மண்ணிலேயே விடுவர். முற்றிய விதை அம்மண்ணிலேயே சிதறும். மண்ணைக் கிளறியதால் எஞ்சிய கிழங்கும் நன்கு பருக்கும். சில இனத்தார் வெளிகளுக்குத் தீயிட்டுப் புதர் மண்டாமலும் காத்தனர். மேலைக்கடற்கரைப் பகுதியில் வாழ்ந்த சாலிசு மக்களிடத்திலோ, இன்ன குடும்பத்திற்கு இன்ன காமசு நிலம் என்னும் உரிமை வழக்கும் இருந்தது. ஏர் பூட்டவில்லை, வேலி இடவில்லை, ஆயினும் அஃது ஆளில்லா நிலமும் அன்று, பேணாத பயிரும் அன்று. காட்டுக்கிழங்கு என்று பிறர் கூறியது உண்மையில் மகளிர் கையால் வளர்ந்த கிழங்கு.

மூன்றாம் பாடம் வேகவைத்தல். நிலத்தில் குழி தோண்டிக் கற்களைப் பரப்பி, விறகெரித்துக் கற்களைப் பழுக்கக் காய்ச்சுவர். அவற்றின்மேல் ஈரப்புல்லும் இலைகளும் இட்டுக் கிழங்கைக் குவித்து, மீண்டும் புல்லிட்டு மண்ணால் மூடி, மேலும் தீ வளர்ப்பர். ஒன்று முதல் மூன்று நாள் வரையிலும் கிழங்கு அப்புழுக்கத்தில் கிடக்கும். ஏன் இத்துணை நேரம்? வேகாத காமசில் 'இனுலின்' என்னும் மாப்பொருள் மிகுதி. அது மாந்தர் வயிற்றில் செரியாது. நெடுநேரம் வெப்பமும் ஈரமும் பட்டால் அது சிதைந்து பழச்சருக்கரையாகும். வெண்கிழங்கு கருஞ்செந்நிறமாகி இனிக்கும். வேதியியல் நூல் எழுதப்படுமுன்னரே அவ்வேதியியலை நாவால் அறிந்தோர் அம்மகளிர். அவித்ததை இடித்து அப்பமாகத் தட்டி உலர்த்தினால் பனிக்காலம் முழுதும் கெடாது. மிஞ்சியது பண்டமாற்றுக்கும் ஆகும். ஓரிகன், வாசிங்டன் பகுதிகளில் அகழ்ந்த பழங்குழியடுப்புகள் இவ்வழக்கம் மூவாயிரம் ஆண்டுகட்கும் மேற்பட்டது என்பதை மெய்ப்பிக்கின்றன.

இத்தகைய கிழங்குநிலத்திற்கு நேர்ந்ததைக் கேளுங்கள். 1855-இல் அமெரிக்க அரசு நிமீபூ மக்களோடு செய்த உடன்படிக்கையில், எவரும் உரிமை கொள்ளாத திறந்த வெளிகளில் கிழங்கும் கனியும் திரட்டும் உரிமை அவர்கட்கு உண்டென எழுதப்பட்டது. 1860-இல் அவர்கள் நாட்டில் பொன் கிடைத்தது. 1863-இல் வேறோர் உடன்படிக்கை எழுந்தது. பத்தில் ஒன்பது பங்கு நிலம் போயிற்று. அதற்கு உடன்படாத தலைவர் பலர். 1877 சூனில், வேற்றிடம் பெயருமாறு கட்டளை பெற்ற அக்குழுவினர் கடைசியாக ஒன்றுகூடியது தோலோ ஏரிக்கருகில் உள்ள தம் பழைய காமசு வெளியில்தான். அங்கிருந்தே போர் மூண்டது. ஆயிரம் கல்லுக்கும் மேற்பட்ட தொலைவு பெண்டிரோடும் பிள்ளைகளோடும் ஓடிய அம்மக்கள், கனடா எல்லைக்கு 40 கல் தொலைவே எஞ்சிய நிலையில், அக்டோபர் 5-ஆம் நாள் படைக்கலம் கைவிட்டனர்.

தென் ஐடகோவில் வாழ்ந்த பன்னாக்கு இனத்தார்க்கு நேர்ந்ததோ இன்னும் விந்தையானது. அங்கும் 'காமசுப் புல்வெளி' என்னும் பெயருடைய பெருவெளி ஒன்று உண்டு. 1868 சூலை 3-ஆம் நாள் பிரிட்சர் கோட்டையில் அவர்களோடு உடன்படிக்கை ஏற்பட்டது. அவர்கட்கு ஒதுக்கப்படும் நிலத்தில் தம் காமசுப் புல்வெளியின் பங்கும் சேர்ந்திருக்கும் என்றே அவர்கள் கொண்டனர். ஏட்டிலோ 'கான்சசுப் புல்வெளி' என்று பதிந்திருந்தது. கான்சசு என்பது அங்கிருந்து 600 கல்லுக்கும் அப்பால் கிடக்கும் வேறொரு மாநிலம்! காமசு எங்கே, கான்சசு எங்கே? அம்மக்களின் வாய்ச்சொல்லை அறியாத கை, தான் அறிந்த சொல்லை எழுதிவிட்டது. பிழை திருத்தப்படவில்லை, வெளியும் அவர்கட்கென அளந்து விடப்படவில்லை. ஆண்டுதோறும் வெள்ளைக் குடியேறிகளின் மாடுகளும் பன்றிகளும் அவ்வெளியில் புகுந்தன. மகளிர் கோலூன்றி அளவறிந்து எடுத்த கிழங்கைப் பன்றிகள் வேரோடு கிண்டித் தின்றன.

ஒதுக்கிடத்தில் கொடுத்த உணவோ போதாது, வெளியிலும் கிழங்கில்லை. 1878 மே இறுதியில் அப்புல்வெளியில் மாடு மேய்த்தோர்மீது துப்பாக்கி வெடித்தது. பன்னாக்குப் போர் தொடங்கிற்று. அதன் தலைவர் 'எருமைக்கொம்பு' என்பார், முந்தைய ஆண்டில் நிமீபூ மக்களுக்கு எதிராக அமெரிக்கப் படைக்கு ஒற்றராய் உதவியவர்! உதவியோர்க்கும் நிலம் மிஞ்சவில்லை. சூனில் அவர் வீழ்ந்தார். அவ்வாண்டிற்குள்ளாகவே போரும் முடிந்தது.

இதிலோர் இரங்கத்தக்க முரண் உண்டு. நிலைத்திணையியலார் இச்செடிக்கு இட்ட இலத்தீன் பெயர் 'காமசியா குவாமாசு'. அதன் இரு சொல்லும் அம்மண்ணின் மக்கள் சொல்லே. செடியை உலர்த்தித் தாளில் ஒட்டிய அறிஞர் பெயரை இருமுறை எழுதிக் காத்தனர். நிலத்தை எழுதிவாங்கிய அரசு அதனை ஒருமுறையேனும் திருந்த எழுதவில்லை. செடிக்குப் பெயர் நின்றது. பெயரிட்டார்க்குச் செடி நிற்கவில்லை.

எனினும், முற்றும் அழியவில்லை. வீயைப்பு வெளி இன்று நிமீபூ வரலாற்றுப் பூங்காவின் ஒரு பகுதியாய் உள்ளது. நிமீபூ குடும்பங்கள் இன்றும் காமசு அகழ்ந்து குழியிட்டு அவிக்கின்றன. அவர்கள் மொழியைத் தாய்மொழியாய் நன்கு பேசுவோர் மிகச் சிலரே. ஆயினும் 1994-இல் அம்மொழிக்கு ஆயிரம் பக்கத்திற்கும் மேற்பட்ட அகரமுதலி வெளிவந்தது. அதனைத் தொகுத்தவர் அவோக்கி என்னும் சப்பானிய அறிஞர். சிறுவர்க்கு அம்மொழி கற்பிக்கப்படுகிறது. கிழங்ககழும் வெளியே அதற்கொரு பள்ளி. கோலுக்கும் குழிக்கும் பூவுக்கும் நஞ்சுக்கும் உரிய சொற்களை அங்கன்றி வேறெங்குக் கைபடக் கற்க இயலும்?

அன்பர்களே! தன் நிலத்தின் பெயரைப் பிறன் எழுத விட்ட மக்கள், அவன் எழுதியவாறே அதனை இழக்க நேர்ந்தது. அப்பன்னாக்கு மகளிர் பிழையாக ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் 'காமசு' என்றே சொன்னார்கள். எழுதுகோல் அவர்கள் கையில் இல்லை, அவ்வளவே. தன் பெயரைத் தானே சொல்லவும், தன் கையாலேயே எழுதவும், எழுதியதைத் தானே படித்துத் திருத்தவும் ஒரு மக்களினம் கற்றிருத்தல் வேண்டும். சோறும் நிலமும் அச்சொல்லுக்குள் இருக்கின்றன.