பாண் காத்தவன்



உயர்ந்த நிலையை அடைந்தபின் பிறந்த குடிசையை மறந்துவிடும் மனிதர் உளர். அவ்வாறு பிறப்பிடம் மறந்த சொற்களும் உள. ஆங்கிலத்தில் 'லோர்ட்' என்பது அத்தகைய சொல். பிரபு எனவும் ஆண்டவர் எனவும் அதனை நாம் மொழிபெயர்க்கின்றோம். அது பிறந்த இடமோ அடுக்களை!

பழைய ஆங்கிலத்தில் 'ஹ்லாஃப்' என்பது பாணைக் குறித்தது; இன்றைய 'லோஃப்' அதன் வழிவந்ததே. 'வெயர்ட்' என்றால் காவலன். இரண்டும் இணைந்து 'பாண் காப்பவன்' என்னும் பொருள் தந்தன. அச்சொல் 'ஹ்லாவோர்ட்' எனத் தேய்ந்து, காலப்போக்கில் 'லோர்ட்' எனக் குறுகிற்று. 'லேடி' என்பதும் அவ்வாறே, பாணுக்கு மாப் பிசைபவள் என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது. கோட்டைகள் கட்டிப் படை நடத்தி 918ஆம் ஆண்டில் மறைந்த எதெல்ஃபிளேட் அரசியை 'மேர்சியரின் லேடி' என்றே வரலாறு அழைக்கின்றது.

பாணைக் காப்பவனும் பிசைபவளும் இருந்தால், உண்பவனும் இருக்கவேண்டுமன்றோ? கி.பி. 600ஆம் ஆண்டளவில் கெந்து நாட்டு மன்னன் எதெல்பெர்ட் வகுத்த சட்டத்தில் அவனைக் காண்கின்றோம். குடியானவன் ஒருவனின் 'ஹ்லாஃபேட்டா'வைக் கொன்றவன் 6 சிலிங் ஈடு செலுத்தவேண்டும் என்கின்றது அச்சட்டம். 'பாண் உண்பவன்' என்பதே அச்சொல்லின் பொருள். ஒரு வீட்டை அண்டி வாழ்ந்த ஏவலாளனுக்கு அதுவே பெயர்.

செஞ்சோற்றுக் கடன் என்று நாம் சொல்லும்போது, கடன் உண்டவன் மேலது. இந்த ஆங்கிலச் சொல்லோ, ஊட்டுபவனின் கடமையை நினைவூட்டுகின்றது. பாணைக் காத்தமையாலன்றோ அவன் தலைவன் எனப்பட்டான்!

ஆயினும், பெயர் நிலைத்தது; பொருள் மறைந்தது. 1815ஆம் ஆண்டில், நிலவுடைமையாளர் மிகுந்திருந்த பிரித்தானியப் பாராளுமன்றம் தானியச் சட்டமொன்றை இயற்றிற்று. உள்நாட்டுக் கோதுமையின் விலை குவாட்டர் ஒன்றுக்கு 80 சிலிங்கை எட்டும்வரை பிறநாட்டுக் கோதுமையை அங்கே விற்றல் ஆகாது என்பது அதன் விதி. நிலக்கிழாரின் வருவாய் காக்கப்பட்டது. ஏழையின் பாண் விலையேறிற்று. பாண் காவலர் என்னும் பெயருடைய பிரபுக்களே அதற்குத் துணைநின்றனர். அயர்லாந்தில் உருளைக்கிழங்கு நோயுற்றுப் பஞ்சம் தலைகாட்டிய பின்னரே, 1846ஆம் ஆண்டில், தானியச் சட்டங்களை நீக்கும் தீர்மானம் நிறைவேறிற்று.

பட்டங்கள் பலவற்றை நாம் நாள்தோறும் கேட்கின்றோம். ஒருவரைத் தலைவர் என அழைக்குமுன், அவர் யாருடைய உணவைக் காத்தார் என வினவுவோமாக. அந்தப் பழஞ்சொல் நமக்குக் கற்பிக்கும் பாடம் அதுவே.