இரைப்பைப் புற்றுநோயில் ஒரு புரதம் கூறும் குறி

இரைப்பையில் புற்றுநோய் என்று தெரிந்தவுடன், நோயாளியின் வீட்டார் மருத்துவரைத் தனியே அழைத்துக் கேட்பது, “இன்னும் எத்தனை நாள்?” என்பதாகும். அதற்கு விடை காண முயன்ற அறிஞர்கள், கட்டியின் உயிரணுக்களிலேயே அடையாளம் தேடினர். அவ்வாறு ஆராயப்பட்டவற்றுள் ஒன்று ‘ஹெர்-2’ என்னும் புரதம்.

இப்புரதம் நம் எல்லோருடைய உடலிலும் இயல்பாகவே உள்ளது. உயிரணுவின் மேலுறையில் நின்று, வளர்ச்சிக்குரிய செய்தியை உள்ளே அனுப்ப அது துணைபுரிகிறது. ஒரு காவலன் நிற்கவேண்டிய வாயிலில் ஒரு பெருங்கூட்டம் நின்று ஓயாது குரல் கொடுத்தால் என்ன நேரும்? இரைப்பைப் புற்றுநோயாளருள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரிடம் இந்நிலை காணப்படுகிறது.

இதனை அறிவது எங்ஙனம்? வாய்வழியே குழாயைச் செலுத்திக் கட்டியிலிருந்து சிறு துணுக்குகளை எடுப்பர். இப்புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை அவற்றின்மேல் இட்டு நிறமேற்றினால், புரதம் உள்ள இடம் நுண்பெருக்கியில் பழுப்பாகத் தோன்றும். நிறத்தின் அழுத்தத்திற்கேற்ப 0 முதல் 3 வரை மதிப்பெண் இடுவர். 2 என்று வந்தால் ஐயம். அப்போது அப்புரதத்திற்குரிய மரபணு மிகுதியாகப் பெருகியுள்ளதா என்று பார்த்து முடிவு செய்வர். இரைப்பைக் கட்டியில் ஒரு சங்கடம் உண்டு. புரதம் எங்கும் ஒரே சீராக இராது. திட்டுத் திட்டாக இருக்கலாம். ஒரு துணுக்கை மட்டும் நம்பினால் ஏமாற நேரிடும். ஆகவே ஆறு முதல் எட்டுத் துணுக்குகள் எடுப்பது நல்லது என்பர்.

இவ்வடையாளம் நோயின் முடிவைக் கூறிவிடுமா? மார்பகப் புற்றுநோயில் இம்மரபணு பெருகியிருப்பது தீக்குறி என்று 1987-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் டென்னிஸ் ஸ்லாமனும் அவர் குழுவினரும் காட்டினர். இரைப்பையைப் பொறுத்தவரை ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. சில தீக்குறி என்றன. சில, வேறுபாடே இல்லை என்றன.

ஆயினும் நோயின் போக்கைக் கூறுவது வேறு. பயன்படும் மருந்தைக் காட்டுவது வேறு. இப்புரதத்தைப் பற்றித் தடுக்கும் மருந்து டிராஸ்டுசுமாப். அதனை ஆராய்ந்த ‘டோகா’ ஆய்வின் முடிவு 2010-இல் வெளியாயிற்று. நோய் முற்றியவர்களும் இப்புரதம் மிகுந்தவர்களுமான நோயாளர்கள் அதில் இடம்பெற்றனர். வழக்கமான மருந்துகள் மட்டும் பெற்றோரின் இடைநிலை ஆயுள் 11.1 மாதம், டிராஸ்டுசுமாபும் சேர்த்துப் பெற்றோருக்கு 13.8 மாதம். புரதம் மிக உயர்ந்த அளவில் இருந்தோரிடையே 11.8 மாதம் 16 மாதமாயிற்று.

இடைநிலை என்பதன் பொருளையும் மறத்தல் ஆகாது. பாதிப் பேர் அந்த அளவைக் கடந்தும் வாழ்ந்தனர். தனியொருவரின் நாளை எந்தப் புரதமும் எண்ணிச் சொல்வதில்லை. எனவே மருத்துவரிடம் நாளைக் கேட்குமுன், “ஹெர்-2 சோதனை செய்தாயிற்றா? போதிய துணுக்குகள் எடுத்தீர்களா?” என்று கேளுங்கள். அவ்விடையைக் கொண்டு சிகிச்சையையே மாற்றி அமைக்க இயலும்.