காற்றின் சுவடு படித்த பேராசிரியர்



காற்றை எவரும் கண்ணால் கண்டதில்லை. சாய்ந்த மரமும் பெயர்ந்த கூரையுமே அது நடந்த வழியைக் காட்டும். அந்த வழியை ஏடு படிப்பதுபோற் படித்து, பல்லாயிரம் உயிர்க்குக் காப்புத் தேடித் தந்த பேராசிரியர் ஒருவர் வாழ்ந்தார். அவர் சப்பானியராகிய தெத்துசுயா புசிட்டா.

அவர் 1920 அக்தோபர் 23-இல் கியூசுத் தீவிற் பிறந்தார். பொறியியல் கற்று, கற்ற கல்லூரியிலேயே ஆசிரியராக அமர்ந்தார். அக்கல்லூரி கொக்குரா நகரை அடுத்திருந்தது. 1945 ஆகத்து 9-இல் அமெரிக்கர் கொணர்ந்த அணுக்குண்டுக்கு முதற்குறி கொக்குராவே. முகிலும் புகையும் அந்நகரை மூடி நின்றமையால் ஊர்தி நாகசாக்கிக்குத் திரும்பிற்று. முகில் காத்த உயிர்களுள் ஒன்று, பின்னாளில் முகிலையே ஆராய்ந்தது.

சில கிழமைகள் கழித்துப் புசிட்டா நாகசாக்கிக்குச் சென்றார். கல்லறைகளின்முன் பூ வைக்கும் மூங்கிற் குழல்களில் வெப்பம் தீய்த்த தழும்புகளை அளந்து, குண்டு எவ்வளவு உயரத்தில் வெடித்ததெனக் கணக்கிட்டார். வெடிப்புக்கு நேர்கீழே மரங்கள் கருகியும் நின்றன. சுற்றிலும் இருந்தவையோ வெளிப்புறம் நோக்கிச் சாய்ந்து கிடந்தன. அக்காட்சி அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை.

1947-இல் செபுரி மலைமேல் எழுந்த இடிமழையை ஆராய்ந்து, இடிமுகிலினுள் காற்று மேலேறுவதோடு வலிந்து கீழும் இறங்குகின்றது என்று அவர் கண்டார். அம்மலைமேல் இருந்த அமெரிக்கக் கதுவீ நிலையத்தின் குப்பையினின்று ஓர் ஆய்வுக்கட்டுரை கிடைத்தது. அதனை எழுதியவர் சிகாகோப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஒரேசு பையர்சு. தம் முடிவுகளைப் புசிட்டா அவருக்கு விடுத்தார். வானூர்திகளும் பெரும்பொருளும் கொண்டு அமெரிக்கர் கண்ட உண்மையை ஓர் ஏழை ஆசிரியர் எளிய கருவிகளாற் கண்டிருந்ததை அறிந்து பையர்சு வியந்தார். அவரைச் சிகாகோவுக்கு அழைத்தார். 1953-இல் தோக்கியோப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றுப் புசிட்டா அங்குச் சென்றார். அதுவே அவர்தம் வாழ்நாட் பணிக்களம் ஆயிற்று.

கதுவீ என்பது யாது? ஆங்கிலர் இராடார் என வழங்கும் கருவி அது. வானலையை எறிந்து, மழைத்துளிகளிற் பட்டு மீளும் எதிரலையைக் கதுவிக்கொள்வதால் அப்பெயர் அதற்குப் பொருந்தும். 1953 ஏப்பிரல் 9-இல் இல்லினாய் மாநிலத்தில் ஒரு கதுவீயின் திரையிற் கொக்கி போன்ற உரு தோன்றிற்று. அங்கே சுழல்காற்று ஒன்று நிலத்தைச் சீறிச் சென்றது. அந்நாளின் பதிவுகளைப் புசிட்டா நுணுகி ஆராய்ந்தார். அவ்வகைக் கொக்கி, சுழலும் காற்று மழையை வளைத்து இழுப்பதன் அடையாளம். இன்றும் எச்சரிக்கை விடுப்போர் அதனைக் கூர்ந்து நோக்குகின்றனர்.

1957 சூன் 20-இல் வடதக்கோட்டாவின் பார்கோ நகரைச் சுழல்காற்று தாக்கியது. ஊரார் எடுத்த நூற்றுக்கு மேற்பட்ட ஒளிப்படங்களைத் தொகுத்து, அதன் பிறப்பும் வளர்ச்சியும் முடிவும் நேரப்படி புலப்படுமாறு அவர் நிரல்படுத்தினார். 1971-இல், வீடும் மரமும் பட்ட அழிவைக் கொண்டே சுழல்காற்றின் வலிமையை 0 முதல் 5 வரை வகுக்கும் அளவுமுறையை அமைத்தார். அவர் பெயரால் வழங்கிய அம்முறை, 2007 முதல் அமெரிக்காவில் திருத்திய வடிவிற் பயன்படுகின்றது.

1974 ஏப்பிரல் 3, 4 ஆகிய நாள்களில் அமெரிக்காவில் 148 சுழல்காற்றுகள் எழுந்தன. அழிவிடங்களை வானூர்தியிற் பறந்து பார்த்தபோது, ஓரிடத்தில் மரங்கள் சுழன்று விழாமல், நடுவிலிருந்து நாற்புறமும் விரிந்து கிடந்தன. நாகசாக்கியிற் கண்ட கோலம் அது!

அடுத்த ஆண்டே அதன் பொருள் விளங்கிற்று. 1975 சூன் 24-இல் நியூயார்க்கின் கென்னடி வானூர்தி நிலையத்தில் இடிமழையின் நடுவே இறங்க முயன்ற போயிங் 727 வீழ்ந்து, 110-க்கு மேற்பட்டோர் மாண்டனர். கரணியம் தேடிய புசிட்டா கண்டது இது: மழைத்துளிகள் ஆவியாகக் காற்று குளிர்கின்றது, குளிர்ந்த காற்று கனத்துக் கீழே பாய்கின்றது, நிலத்தில் மோதி எப்புறமும் சிதறுகின்றது. அதனுட் புகும் ஊர்திக்கு முதலில் எதிர்காற்று வாய்க்கும், அது தூக்கிவிடும். நன்மையென்று எண்ணி ஓட்டுநர் விசையைக் குறைப்பார். அடுத்த நொடிகளிற் கீழ்க்காற்று அழுத்தும்; பின் வால்காற்று தூக்குவிசையைப் பறிக்கும். நிலம் அருகிலிருந்தால் மீளுதல் அரிது.

அதற்கு அவர் ஒரு பெயர் படைத்தார். கீழ் என்பதற்கும் வெடிப்பு என்பதற்கும் அம்மொழியில் உள்ள எளிய சொற்களைக் கூட்டினார். நாம் அதனைக் கீழ்வெடிப்பு என்போம். நான்கு கிலோமீட்டருக்கு உட்பட்டது குறுவெடிப்பு. பெயரில்லாப் பகையை எவரும் தேடார். தேடாத பகையிடமிருந்து எவரும் தப்பார். சொல் பிறந்த பின்னரே தேடலும் பிறந்தது.

ஆயினும் அறிஞர் பலர் ஐயுற்றனர். பழைய கருத்துக்குப் புதுப்பெயர் என்றனர். புசிட்டா சொற்போரில் இறங்கவில்லை. கதுவீயைச் சான்றுக்கு அழைத்தார். நெருங்கும் வண்டியின் ஊதல் கூர்ந்தும், அகலும் வண்டியின் ஊதல் தாழ்ந்தும் கேட்கும். தாப்பிளர் 1842-இல் உரைத்த அந்நெறிப்படி, மழைத்துளி நெருங்குகின்றதா, அகல்கின்றதா என்பதை ஒருவகைக் கதுவீ காட்டும். 1978-இல் சிகாகோவுக்கு அருகே அத்தகைய மூன்று கதுவீகளை நிறுத்தினர். ஏறத்தாழ 50 குறுவெடிப்புகள் சிக்கின! 1982-இல் தென்வர் நகரில் நூற்றுக்கு மேற்பட்டவை பதிவாயின. ஐயம் அகன்றது.

ஆனால் அறிவு ஊரெங்கும் பரவுமுன் சாவு மீண்டும் முந்தியது. 1985 ஆகத்து 2-இல் தல்லாசில் ஒரு வானூர்தி இதே காற்றால் வீழ்ந்து, 137 பேர் இறந்தனர். அதன்பின்னரே ஓட்டுநர்க்குக் கட்டாயப் பயிற்சியும், ஊர்திகளில் எச்சரிக்கைக் கருவியும், 1990-களில் அமெரிக்க நிலையங்கள் பலவற்றில் தாப்பிளர்க் கதுவீகளும் வந்தன. 1994-இல் சார்லட்டு நகரில் நிகழ்ந்த நேர்ச்சிக்குப் பின் அந்நாட்டில் அவ்வகைப் பேரிழப்பு அருகிப் போயிற்று.

பார்பசு, வாக்கிமோட்டோ முதலிய மாணவர் அவரிடம் பயின்று புகழ்பெற்ற அறிஞராயினர். இத்தனைக்கும், சுழல்காற்றை அவர் நேரில் முதன்முதற் கண்டது 1982 சூன் 12-இல்தான்! அதுவரை சுவடு ஒன்றையே சான்றாகக் கொண்டார். 1998 நவம்பர் 19-இல் சிகாகோவில் மறைந்தார்.

அவையோரே! குப்பையிற் கிடந்த ஏட்டையும், வீழ்ந்து கிடந்த மரத்தையும் அவர் வீணென ஒதுக்கவில்லை. கண்டதை அளந்தார், அளந்ததற்குப் பெயரிட்டார், பெயரிட்டதை மெய்ப்பித்தார், மெய்ப்பித்ததைக் கற்பித்தார். இந்நான்கும் ஒருங்கே அமைந்ததே ஆசிரியப் பணி. இன்று இடிமுகிலின் ஊடே ஓர் ஊர்தி இறங்காது திரும்பிச் செல்லும்போதெல்லாம், அதனுள் இருப்போர் பெயரறியாத அந்த ஆசிரியரின் பாடம் அவர்களைக் காத்து நிற்கின்றது.