வாலாட்டும் நாய்க்கும் வலி உண்டு



மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில், துரை பங்களாவிலே வேலை பார்த்தவர் என் தாத்தா. துரையின் நாயைக் குளிப்பாட்டுவதும் அதற்கு இறைச்சி அவிப்பதும் அவர் பொறுப்பு. "லயத்திலே பிள்ளைகள் ரொட்டிக்கு அழ, நான் நாய்க்கு இறைச்சி அவித்தேன்" என்று சொல்லிக் கசந்து சிரிப்பார். அந்தத் தாத்தாவின் பேரனாகிய நான் இன்று மாத்தளை நகரில் ஒரு கோல்டன் ரிட்ரீவர் நாய் வளர்க்கிறேன். "நாய்க்கு இத்தனை கவனிப்பா?" என்று அயலவர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். அதற்கான பதிலே இன்றைய பேச்சு.

இது நம் மண்ணின் நாயன்று. 1868ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்து மலைநாட்டில், பின்னர் ட்வீட்மவுத் பிரபு எனப்பட்ட சீமான் ஒருவர் உருவாக்கத் தொடங்கிய இனம். சுட்டு வீழ்த்திய பறவையைக் குளிர்ந்த நீரில் நீந்திச் சென்று, கடித்துக் குதறாமல் கவ்வி வருவது அதன் தொழில். அதற்காகவே இரட்டை அடுக்கு உரோமமும் சாந்தமான சுபாவமும் அதற்கு வாய்த்தன. இவ்விரண்டுமே மாத்தளையின் வெக்கையில் அதற்கு வினையாகின்றன.

உரோமத்துக்குள் உண்ணி ஒளிந்துகொள்கிறது. சுபாவத்துக்குள் நோய் ஒளிந்துகொள்கிறது.

என் முதல் நாய் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் என்னைக் கண்டால் வாலாட்டியது. வாலாட்டும் நாய்க்கு என்ன வருத்தம் என்று இருந்துவிட்டேன். போதாக்குறைக்கு, மனிதருக்கான காய்ச்சல் மாத்திரை ஒன்றையும் கொடுத்தேன். அது நாய்க்கு நஞ்சாகலாம் என்பது அன்று எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் முரசு வெள்ளைத் தாளாய் வெளிறிப்போனது. சிறுநீர் கறுத்தது. மிருக வைத்தியர் இரத்தத்தைச் சோதித்து, "உண்ணிக் காய்ச்சல், பிந்திவிட்டீர்கள்" என்றார். உண்ணி கடிக்கும்போது உட்புகும் நுண்ணுயிர், இரத்தத்தின் சிவப்பு அணுக்களை அழித்துவிட்டிருந்தது. அன்றிரவும் என்னைப் பார்த்து வாலை ஒருமுறை அசைத்துவிட்டே அது கண்மூடியது.

எசமான் எறிந்த வேல் உடலில் தைத்து நிற்கையிலும் நாய் அவனைக் கண்டு வாலாட்டும் என்றொரு கருத்து நாலடியாரில் உண்டு. பள்ளியில் நன்றிக்கு உவமையாகப் படித்தேன். அன்றுதான் அது எனக்கொரு எச்சரிக்கையாகவும் பட்டது. வாலைப் பார்த்து நலத்தை எடைபோடாதீர்கள்.

இப்போது வளர்ப்பது இரண்டாவது நாய். ஒவ்வொரு மாலையும் காதுமடல், கழுத்து, அக்குள், கால்விரல் இடுக்கு என்று விரலால் தடவிப் பார்க்கிறேன். உதட்டை உயர்த்தி முரசின் நிறம் பார்க்கிறேன். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாவிட்டால் உணவைக் குறைக்க வேண்டும். இந்த இனம் இலகுவில் கொழுத்துவிடும். கொழுத்தால் இடுப்பு மூட்டு கெடும். வெயில் ஏறுமுன் உலாத்தி வருவோம். நாய் நம்மைப்போல் வியர்ப்பதில்லை. மூச்சிரைத்தே சூட்டைத் தணிக்கும். வெக்கைக்கென்று உரோமத்தை மழித்துவிடாதீர்கள். வெயிலிலிருந்து தோலைக் காப்பதும் அதுதான். நாளும் சீவிவிட்டால் போதும். குளித்தபின் காதை ஈரம் போகத் துடைத்துவிடுங்கள்.

மிஞ்சிய சோறுகறியையும் வைக்காதீர்கள். வெங்காயம் நாயின் இரத்த அணுக்களைச் சிதைக்கும். நம் மாவட்டத்தில் விளையும் கொக்கோவின் விதையிலுள்ள தியோபுரோமின் அதன் இதயத்தைத் தாக்கும். ஆகவே கொக்கோ காயவைக்கும் முற்றத்தில் நாயை அவிழ்த்துவிடக் கூடாது.

நீரைக் கண்டால் பாயும் இனம் இது. வயல் நீரிலோ எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். 2008ஆம் ஆண்டு அந்நோய் நாட்டில் பரவியபோது மிகவும் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் மாத்தளையும் ஒன்று. நோயுற்ற நாயின் சிறுநீரால் வீட்டாருக்கும் அது தொற்றலாம். அதற்கும் விசர்நாய்க்கடி நோய்க்கும் ஆண்டுதோறும் தடுப்பூசி போடுவது, நாயைக் காப்பது மட்டுமன்று; பிள்ளைகளையும் காப்பது.

நேயர்களே, தாத்தாவைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போனது. பங்களா நாய்க்கு உண்ணி பொறுக்கிவிட்டு லயத்துக்குத் திரும்பும் அவர், வாசலில் கிடக்கும் எங்கள் நாட்டு நாயையும் மடியில் இழுத்துப்போட்டு அதே விரல்களால் தடவிப் பார்ப்பார். முன்னதற்குச் சம்பளம் உண்டு. பின்னதற்கு இல்லை. அந்த நாய்க்கு இறைச்சி கிடைக்கவில்லை, விரல்கள் கிடைத்தன.

அயலவருக்கு என் பதில் இதுதான். செலவு துரையுடையதாக இருக்கலாம், கவனிப்பு தாத்தாவுடையது. வாய்பேசாத உயிரை வாசலுக்குள் அழைத்தவர்கள், அதன் வலியைக் கேட்டறியும் கடமையையும் ஏற்றவர்கள். இன்று மாலை உங்கள் வீட்டு நாயை ஒருமுறை தடவிப் பாருங்கள்.