பிளாட்டிபஸ் எனும் விசித்திரப் பிராணி

ஆற்றங்கரை வளையில் உறங்கி, ஆகாரத்தின் பொருட்டு ஜலத்தில் இறங்கும் பிராணிகளுள் நீர்நாயும் பீவரும் பலர் அறிந்தவை. ஆனால் கிழக்கு ஆஸ்திரேலியாவிலும் டாஸ்மேனியாவிலும் வசிக்கும் பிளாட்டிபஸோ, வாத்தின் அலகும் பீவரின் வாலும் ஒருங்கே வாய்ந்த விசித்திர சரீரத்தை உடையது. 1799-இல் அதன் உலர்ந்த தோலை வர்ணித்த ஆங்கில விஞ்ஞானி ஜார்ஜ் ஷா, எவரோ வஞ்சகமாக அலகைப் பொருத்திவிட்டனரோ என்றே சந்தேகித்தார்.

பீவரும் நீர்நாயும் பின்பாகத்தின் பலத்தால் நீரை உந்திச் செல்ல, இதுவோ சவ்வு விரிந்த முன்னங்கால்களால் நீந்தி, பின்னங்கால்களையும் வாலையும் திசை திருப்பப் பயன்படுத்துகிறது. நீர்நாய் கண்ணையும் மீசை ரோமங்களையும் துணைக்கொண்டு மீனைத் தேட, பிளாட்டிபஸ் மூழ்கியதும் கண், காது, நாசி மூன்றையும் மூடிக்கொண்டு, புழுக்களும் சிறு நண்டினங்களும் தசையை அசைக்கையில் எழும் அதிசூட்சுமமான மின்சாரத்தை, அலகிலுள்ள சுமார் 40,000 உணர்வு நுனிகளால் அறிந்து இரை கொள்கிறது.

பீவரும் நீர்நாயும் குட்டி போடுகின்றன. பிளாட்டிபஸ் முட்டையிடும் என்பதை 1884-இல் விஞ்ஞானி வில்லியம் கால்டுவெல் நேரில் கண்டு நிரூபித்தார். முட்டையிலிருந்து வெளிப்படும் குஞ்சுக்குத் தாய் பாலூட்டுகிறது. காம்பு இல்லாமையால் பால் தோல்வழியே கசிகிறது. ஆணின் பின்னங்காலிலோ விஷமுள்ள முள் உண்டு.

ஒரே நீர்வாழ்க்கைக்கு இயற்கை ஒரே உபாயத்தை வகுக்கவில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சாட்சி அரிது.