மண்ணுக்கும் உயிர் உண்டு



மரத்திற்கு உரமிடுகிறோம், களைக்கு மருந்து தெளிக்கிறோம். இவை மண்ணில் விழுந்தபின் என்ன செய்கின்றன என்பதை இன்று எண்ணிப் பார்ப்போம்.

மண் வெறும் தூள் அன்று. ஒரு கைப்பிடி மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. உதிர்ந்த இலையை மட்கச் செய்து மரத்திற்கு உணவாக்குபவை அவையே. பூஞ்சை இழைகளும் பாக்டீரியா சுரக்கும் பசையும் மண் துகள்களைச் சிறு உருண்டைகளாகப் பிணைக்கின்றன. அவற்றின் இடைவெளிகளில்தான் காற்றும் நீரும் தங்குகின்றன. நுண்ணுயிர்கள் குன்றினால் மண் இறுகும். மழைநீர் உள்ளே இறங்காமல் மேல்மண்ணை வாரிக்கொண்டு ஓடும்.

நம் தோட்டங்களின் மண் பெரும்பாலும் இயல்பிலேயே புளிப்பு மிக்கது. அமோனியம் சல்பேட் உரத்தைப் பாக்டீரியா நைட்ரேட்டாக மாற்றும்போது மேலும் அமிலம் உண்டாகிறது. அளவுக்கு மீறி ஆண்டுதோறும் இட்டால் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து இளவேர்களைத் தாக்கும், மண்புழுக்களும் குறையும். ஆகவே குறித்த அளவை மட்டும், ஓரிடத்தில் குவிக்காமல், பரவலாகத் தூவ வேண்டும்.

இளமரங்களுக்கிடையே படரும் பியூராரியா போன்ற மூடுகொடிகளின் வேரில் சிறு முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நறுக்கிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், அங்குள்ள பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். களைக்கொல்லி அக்கொடிமேல் பட்டால், விலையின்றிக் கிடைக்கும் உரத்தை நாமே அழித்தவர்களாவோம். மண்ணும் வெயிலுக்கும் மழைக்கும் வெறுமையாகக் கிடக்கும்.

தெளிப்பவர் உயிருக்கே ஆபத்தான பேராகுவாட் மருந்து நம் நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. அது களிமண்ணை இறுகப் பற்றி நெடுங்காலம் தங்கக்கூடியது. பழைய போத்தல் எங்கேனும் கிடந்தால் திறக்கவோ மண்ணில் கொட்டவோ வேண்டா. உடனே நிர்வாகத்திடம் தெரிவியுங்கள்.

ரப்பர் ஆலைக் கழிவுநீரும் அவ்வாறே கவனத்திற்குரியது. சுத்திகரித்து அளவோடு பாய்ச்சினால் அது உரமாகும். அப்படியே தேங்கவிட்டால் அதிலுள்ள கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள உயிர்க்காற்றைத் தீர்த்துவிடும். வேர்கள் மூச்சுத் திணறும். ஆலைக் கழிவுநீரைக் கட்டுப்படுத்தும் விதிகள் 1978-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டன.

உரத்தின் அளவை முடிவு செய்பவர் நிர்வாகத்தினர். ஆயினும் அதை மண்ணில் இடும் கை நம் கையே. இன்று நடும் கன்று ஏறத்தாழ 25 ஆண்டுகள் இதே மண்ணில் நின்று நமக்குச் சோறு போட வேண்டும். மேல்மண் போய்விட்டால் அதை எந்தக் கடையிலும் வாங்க இயலாது. மண்ணின் உயிரைக் காப்போம். நம் பிழைப்பைக் காத்துக்கொள்வோம்.