அளவுநாடா அதிகாரி



நடுவர் அவர்களே, ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எதிரணி அதையே பிடித்துத் தொங்கும். மலேசியாவில் கடைப்பலகையில் தேசிய மொழியான மலாய் இருக்க வேண்டும். மேலேயே இருக்கட்டும், எங்களுக்கு மனக்குறை இல்லை. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸின் துன் சம்பந்தன் சாலையில் பூக்கட்டும் அக்கா பாதி வியாபாரத்தை மலாயில்தான் பேசுகிறார். எங்கள் சண்டை, பலகையில் பிற மொழி எழுத்தை அளக்க அளவுநாடாவோடு வரும் அதிகாரியிடம்தான்.

கூட்டரசுப் பிரதேசத்தின் 1982ஆம் ஆண்டு விளம்பரத் துணைச்சட்டப்படி, பலகையில் வேறு மொழி சேர்த்தால் தேசிய மொழிதான் எடுப்பாகத் தெரிய வேண்டும். வாசகத்தை அரசின் மொழி நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தாகா சரிபார்க்க வேண்டும். அப்புறம் மாநகராட்சி மன்றத்தில் லைசன்ஸ். பெரிய பேரங்காடிக்கு இதற்கென்றே ஆள் உண்டு. முறுக்கு மாவு ஒட்டிய கையோடு கல்லாவில் நிற்பவர், விண்ணப்பப் பாரம் நிரப்பத் தம்பி மகனைத் தேடுகிறார். கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் மன்றம்தான் வேறு, தலைவலி அதேதான்.

எதிரணித் தலைவர் கேட்டார்: "தமிழ்நாட்டிலும் தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்று விகிதம் போட்டிருக்கிறார்களே?" எடுத்துக் கொடுத்ததற்கு நன்றி அண்ணே! சென்னை பாண்டி பஜாருக்குப் போய்ப் பாருங்கள், ஆங்கிலம்தான் கொடி கட்டிப் பறக்கிறது. விகிதம் போட்டு என்ன கண்டோம்? கனடாவின் கியூபெக்கில் 2013இல் இன்னொரு கூத்து. இத்தாலிய உணவகத்தின் மெனுவில் 'பாஸ்தா' என்று இருந்ததற்கு மொழி அலுவலகம் ஆட்சேபம் தெரிவித்தது. ஊரே சிரித்தது, கடைசியில் அலுவலகத் தலைவர் பதவியைவிட்டே போனார்.

2024 இறுதியில் கோலாலம்பூரில் பலகைச் சோதனை நடந்தபோது சுற்றுலா அமைச்சர் தியோங் கிங் சிங்கே அதை வெளிப்படையாகக் கண்டித்தார். பின்னே? 2010இல் அன்றைய பிரதமர்கள் நஜிப்பும் இந்தியாவின் மன்மோகன் சிங்கும் சேர்ந்து பிரிக்ஃபீல்ட்ஸ் லிட்டில் இந்தியாவைத் திறந்து வைத்தார்கள். இந்தியச் சாயலைப் பார்க்க வாருங்கள் என்று உலகத்தையே அழைத்துவிட்டு, அங்கேயே தமிழ் எழுத்தை அங்குலக் கணக்கில் அளந்தால் வந்தவன் எதைப் பார்ப்பான்?

அரசமைப்புச் சட்டத்தின் 152ஆம் விதி மலாயைத் தேசிய மொழி என்கிறது. அதே விதி, அதிகாரத்துவ நோக்கத்துக்கு அல்லாமல் வேறு மொழியைப் பயன்படுத்த எவரையும் தடுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. பூக்கடைப் பலகை எப்போது ஐயா அரசாங்கக் கடிதம் ஆனது? "தடுக்கவில்லையே, சின்னதாக எழுதத்தானே சொல்கிறோம்" என்பீர்கள். எதிர்ச்சாரியில் நிற்கும் பாட்டிக்கு எறும்பு வரிசையாகத் தெரிகிற எழுத்து இருந்தென்ன, போயென்ன?

எங்கள் அணி கேட்பது கொஞ்சம்தான். மலாய் இல்லாத பலகைக்கு முதலில் எச்சரிக்கை கொடுங்கள், மாற்ற அவகாசம் கொடுங்கள். மலாய் இருந்தால் நாடாவைச் சுருட்டிப் பையில் போடுங்கள். அதிகாரிகளுக்கு அப்படியும் பொழுது மிச்சமிருந்தால், துருப்பிடித்த ஆணியில் ஆடிக்கொண்டிருக்கும் பலகைகளைச் சோதிக்கச் சொல்லுங்கள். அது தலையில் விழுந்தால், எந்த மொழி எத்தனை அங்குலம் என்று யாரும் கேட்கப்போவதில்லை, நடுவர் அவர்களே.